கூரை வாசித்த கடிதம்

அத்தியாயம் 6

“குழம்பு உப்பாக இருக்கிறது என்று சொன்னது நான்தான். உப்பாக இல்லை.”

குடியிருப்பு நிர்வாக அலுவலகத்தில், அங்கே வேலை பார்க்கும் சோல்மியின் கைப்பேசியிலிருந்து வந்த பெண் குரல், ரயில் வரும் நடைமேடை எண்ணைச் சொல்வது போல ஏற்ற இறக்கமே இல்லாமல் இதைச் சொன்னது. சிரிப்பை அடக்க மிக்ஸ் காபியை வாய் நிறைய உறிஞ்சினேன். அது மூக்கு வழியாக வெளியே வரப் பார்த்தது.

“வாஷிங் மெஷினில் எந்தப் பொத்தானை முதலில் அழுத்த வேண்டும் என்று தெரியவில்லை. அதற்காக மட்டும் கூப்பிடவில்லை. முப்பத்தெட்டு வருஷம் ஆகிவிட்டது. வீடு ரொம்பப் பெரிதாக இருக்கிறது. வந்துவிடு.”

பதிவு அத்தோடு முடிந்தது.

“மேடம், இது குற்றம் இல்ல. குடும்பம்” என்றேன்.

கில் மோரான் சிரிக்கவில்லை. அவள் சிரிக்காதபோது நானும் வாயை மூடிக்கொள்வது நல்லது என்பதை ஆறு வருஷத்தில் கற்றிருக்கிறேன். மோரான் முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவள். இப்போது தேஜோன் நகரில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். நான் பியோ தேஷிக், அவளுடைய உதவியாளன். இந்த வேலைக்கு முன் இருபது வருஷம் டாக்ஸி ஓட்டினேன். வயது ஐம்பத்திரண்டு. அவளைவிட ஏழு வயது மூத்தவன், சம்பளத்தில் பல மடங்கு இளையவன்.

விஷயம் இதுதான். போன செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, சோல்பித் குடியிருப்பின் அறுநூற்றுப் பன்னிரண்டு வீடுகளிலும் கூரையில் பதித்திருக்கும் ஸ்பீக்கர் இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டது. தண்ணீர் நிற்கும், லிஃப்ட் ஓடாது, குப்பையைப் பிரித்துப் போடுங்கள் என்று நிர்வாக அலுவலகம் அறிவிக்கும் ஸ்பீக்கர் அது. அணைக்கப் பொத்தான் கிடையாது. அறிவிப்பைத் தட்டச்சு செய்வது சோல்மி. வாசிப்பது அலுவலகக் கம்ப்யூட்டர். கடிதத்தை வாசித்ததும் அதே கம்ப்யூட்டர் குரல். ஆகவே பழி நேராகச் சோல்மியின் தலையில் வந்து இறங்கிவிட்டது.

“மூணு மணிக்குக் குடியிருப்போர் கமிட்டிக் கூட்டம் மேடம்” என்றாள் சோல்மி. இருபத்தொன்பது வயது. அழுது முடித்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தவள் என்பது தெரிந்தது. “யாரோ எழுதுன சொந்தக் கடிதத்தை நான் திருடி, விளையாட்டுக்குப் போட்டுட்டேன்னு தலைவர் சொல்றாரு. ஓட்டெடுத்து என்னைத் தூக்கப் போறாங்க. இப்படி ஒரு பேரோட வெளிய போனா, வேற எந்தக் குடியிருப்புல என்னைச் சேத்துப்பாங்க?”

“பதினொன்னு பத்துக்கு நீ எங்க இருந்தே?”

“கீழ பார்க்கிங்ல. தப்பா நிறுத்துன காருக்கு எச்சரிக்கைத் தாள் ஒட்டிட்டு இருந்தேன்.”

“யாராவது பாத்தாங்களா?”

“கார்தான் பாத்துச்சு.”

எனக்கு அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துப்போய்விட்டது.

அலுவலகக் கதவின் மின்பூட்டு எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்தது. 10:52-க்குப் பூட்டப்பட்டது. 11:34-க்குத் திறக்கப்பட்டது. நடுவில் ஈ, எறும்புகூட உள்ளே போகவில்லை. பூட்டிய அறைக்குள் ஆளில்லாத கம்ப்யூட்டர் ஒருவரின் மனக்குறையை ஊருக்கே வாசித்திருக்கிறது.

“கம்ப்யூட்டர்ல நேரம் குறிச்சு வச்சுட்டுக் கீழ போயிட்டேன்னு தலைவர் சொல்றாரு. ஆனா மேடம், நான் அறிவிப்பு போட்டா முதல்ல மணி அடிக்கும். டிங்-டாங்-டெங்னு. அது இல்லாம நாலு வருஷத்துல நான் ஒரு அறிவிப்பும் போட்டதில்ல. இதுக்கு மணி அடிக்கல.”

மோரான் எழுந்து கம்ப்யூட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். ஒரு பச்சை ஒயர் அங்கிருந்து கிளம்பி, சுவரோரம் போய், அலமாரி அளவு பெரிதாக இருந்த ஒலிபெருக்கிக்குள் நுழைந்தது.

“தேஷிக், மூணாவது கட்டடத்துல கதவைத் தட்டு. ஒரே ஒரு கேள்வி. கடிதத்தைக் கேட்டப்போ எங்க இருந்தீங்க?”

“எழுதினது யாருன்னு கேக்க வேண்டாமா?”

“அதை ஊரே கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு.”

உண்மைதான். மூன்றாவது மாடிப் பெண்மணி, கதவைத் திறந்தவுடன் என்னைத் தாண்டி உள்ளே திரும்பிக் கத்தினாள். “குளியலறையில தலைக்கு ஷாம்பு போட்டுட்டு இருந்தேன். அங்கயும் கேட்டுச்சு! இந்த மனுஷன்தான் எழுதினாருன்னு எனக்குச் சந்தேகம்!” உள்ளேயிருந்து கணவர் ஓடிவந்தார். “அவ குழம்பை உப்புன்னு சொல்லிட்டு நான் உயிரோட இருப்பேனா சார்? நீங்களே சொல்லுங்க!” ஒன்பதாவது மாடியில் பகலில் தூங்கும் ஒரு நர்ஸ், அந்தச் சத்தத்தில்தான் விழித்ததாகச் சொன்னாள். பதினொன்றாவது மாடியில் காது மந்தமான ஒரு பெரியவர் வரிக்கு வரி ஒப்பித்துக் காட்டினார்.

வீட்டில் இருந்தவர் அத்தனை பேரும் கேட்டிருந்தார்கள்.

பன்னிரண்டாவது மாடிதான் தலைவர் குக் தோங்சூவின் வீடு. அங்கே மோரானும் என்னோடு வந்தாள். குக் தோங்சூ ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி. நிற்கிற நிற்பிலேயே நம் பெட்டியைத் திறந்து காட்டத் தோன்றும். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கண்ணில் புரை அறுவை செய்து இரண்டு வாரம்தான் ஆகிறதாம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். நாற்காலி முதுகெல்லாம் காலுறைகள் காய்ந்தன. சாப்பாட்டு மேசையில் உடனடி நூடுல்ஸ் பாத்திரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன.

“வீட்டுல சொல்லிட்டு வந்தா அம்மா டீ போட்டு வச்சிருப்பாங்க. நாங்க சொல்லாம வந்துட்டோம்” என்றேன் மரியாதைக்கு.

“அவ புசான்ல பொண்ணு வீட்டுக்குப் போயிருக்கா. பேரனைப் பாத்துக்க. ரெண்டு மாசமாச்சு.”

“உங்க சட்டை நல்லா இருக்கு தலைவரே. இளஞ்சிவப்பு உங்களுக்கு எடுப்பா இருக்கு.”

அவர் சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்தார். நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று மட்டும் தெரிந்தது.

மோரான் நேராகக் கேட்டாள். “செவ்வாய்க்கிழமை பதினொன்னு பத்துக்கு எங்க இருந்தீங்க?”

“இங்கதான். கம்ப்யூட்டர்ல.”

“அறிவிப்பைக் கேட்டீங்களா?”

“இல்ல. நான் எந்த அறிவிப்பையும் கேக்கல. சாயங்காலம் லிஃப்ட்ல ஜனங்க பேசிச் சிரிச்சாங்க. அப்பத்தான் தெரியும்.” அவர் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “வேடிக்கையாம்மா இது? ஒரு மனுஷன் அனுப்பாத கடிதத்தை எடுத்து ஊருக்குப் போடுறது வேடிக்கையா? அந்தப் பொண்ணு போகணும். அவ்வளவுதான்.”

மேசைமேல் அவருடைய கம்ப்யூட்டர் இருந்தது. பழைய பெட்டி, பெரிய திரை, ஒரு விசைப்பலகை. மோரான் அதைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

“குடியிருப்புக்குப் புதுசா வலைப்பக்கம் வந்திருக்காமே. நல்லா இருக்கா?”

“அருமையா இருந்துச்சு. அலுவலகத்துக்கு மனு எழுதலாம். கண்ணு தெரியாதவங்க, தான் எழுதினதைக் கேட்டுச் சரிபாக்க ஒரு பொத்தான். நான் சொல்லித்தான் வச்சாங்க. பேங்க் பக்கத்துக்குப் போனா அதை இன்ஸ்டால் பண்ணு, இதை இன்ஸ்டால் பண்ணுன்னு ஏழு தடவை கேக்குறான். இது ஒண்ணும் கேக்கல. அழுத்தினேன், பேசிடுச்சு. புதன்கிழமையே பக்கத்தை மூடச் சொல்லிட்டேன். கடிதம் அது வழியாத்தான் திருட்டுப் போயிருக்கணும்.”

“ஒண்ணுமே இன்ஸ்டால் பண்ணச் சொல்லலையா?”

“ஒண்ணுமே இல்ல.”

லிஃப்டில் இறங்கும்போது மோரான் சீட்டி அடித்தாள். அவள் சீட்டி அடித்தால் கேஸ் பாதி முடிந்தது என்று அர்த்தம். மீதிப் பாதியை எனக்குச் சொல்லமாட்டாள்.

“இந்த நாட்டுல, எதையும் இன்ஸ்டால் பண்ணச் சொல்லாம ஒரு வலைப்பக்கம் உன் மெஷின்ல வேலை பார்த்து நீ பாத்திருக்கியா தேஷிக்?”

“வாங்கின கடனைத் திருப்பிக் கொடுத்த என் பெரியம்மா பையனைக்கூடப் பாத்திருக்கேன். அதைப் பாத்ததில்ல.”

வலைப்பக்கத்தைச் செய்த ஜின்பியோவைக் குடியிருப்புக் கடைவரிசையில் இருந்த தொக்போக்கிக் கடையில் பிடித்தோம். முப்பது வயது, மடியில் லேப்டாப், விரலெல்லாம் சிவப்பு மிளகாய்க் குழம்பு. எங்களைப் பார்த்ததும் அரிசி உருண்டையை மெல்லாமல் விழுங்கினான்.

“என் பொத்தான்ல ஒரு தப்பும் இல்ல மேடம். பாருங்க.” லேப்டாப்பில் பக்கத்தைத் திறந்து, ‘வணக்கம்’ என்று எழுதி, பொத்தானை அழுத்தினான். லேப்டாப் வணக்கம் சொன்னது.

“உள்ள என்ன நடக்குது?”

“பேசுறதுக்குன்னு ஒரு சின்ன புரோகிராம் இருக்கு. அதுக்கு ஜன்னல், படம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில ஒரு வரி கட்டளை கொடுத்தா, எழுதினதை வாசிக்கும். பொத்தானை அழுத்தினா அந்த ஒரு வரிக் கட்டளை ஓடும். அவ்வளவுதான்.”

“எந்த மெஷின்ல ஓடும்?”

ஜின்பியோ அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். “பாத்தீங்கல்ல? இந்த மெஷின்லதான். நாப்பது தடவை சோதனை பண்ணிட்டேன்.”

“தேஷிக், நீ போன்ல ஜாஜாங்மியோன் நூடுல்ஸ் ஆர்டர் பண்றே. அடுப்பு எரியிறது உன் போன்லயா, கடையிலயா?”

“கடையில. என் போன்ல எரிஞ்சா புதுப் போன் வாங்கித் தருவீங்களா?”

“இந்தத் தம்பி கடையோட சமையல்கட்டுல உக்காந்துக்கிட்டு ஆர்டர் பண்ணியிருக்கான். அடுப்பும் அங்க, தட்டும் அங்க, நாப்பது தடவையும் அங்க. பக்கத்தை வச்சிருக்கிறதும் அவன் லேப்டாப், பாக்குறதும் அவன் லேப்டாப். எது சமையல்கட்டு, எது சாப்பாட்டு மேசைன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?” அவள் ஜின்பியோ பக்கம் குனிந்தாள். “இப்போ அந்தப் பக்கம் எந்த மெஷின்ல குடியிருக்கு?”

“நிர்வாக அலுவலகக் கம்ப்யூட்டர்ல. அதுதான் சர்வர். திங்கக்கிழமை போய் ஏத்திட்டு வந்தேன்...”

வாக்கியம் பாதியில் நின்றது. முகம் குழம்பின் நிறத்துக்குப் போனது. எனக்குக்கூட விளங்கிவிட்டது. வீட்டில் இருப்பவர் பொத்தானை அழுத்துவார். கட்டளை ஓடுவது பூட்டிய அறைக்குள் இருக்கும் கம்ப்யூட்டரில். அந்தக் கம்ப்யூட்டரின் சத்தம் போகிற ஒரே வழி, பச்சை ஒயர். பச்சை ஒயரின் மறுமுனையில் அறுநூற்றுப் பன்னிரண்டு கூரைகள்.

“ஐயோ” என்றான் ஜின்பியோ.

“சத்தமா சொல்லாதே. இன்னும் ரெண்டு பிளேட் வரணும்” என்றேன் நான்.

மூன்று மணிக்குக் கூட்ட அறையில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் நடுவில். ஓரத்தில், தன் வேலை போகப்போகிற கூட்டத்தின் குறிப்பைத் தானே எழுத, சோல்மி பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். அது அவள் வேலைகளில் ஒன்று.

மோரான் நீட்டி முழக்கவில்லை. ஜின்பியோவிடம் பக்கத்தை மறுபடி திறக்கச் சொன்னாள். அலுவலகத்தைப் பூட்டிச் சாவி அட்டையைத் துணைத்தலைவியின் கையில் கொடுத்தாள். பிறகு தன் கைப்பேசியில் ஏதோ எழுதிப் பொத்தானை அழுத்தினாள்.

மணி அடிக்கவில்லை. தலைக்கு மேலிருந்து அந்தக் குரல் இறங்கியது. “துப்பறியும் உதவியாளர் தேஷிக் மதியம் மூன்று தட்டு தொக்போக்கி சாப்பிட்டார்.”

ஊர் முழுக்க அறிந்துவிட்டது. என் மனைவிக்கு இந்தக் குடியிருப்பில் ஒரு தோழி இருக்கிறாள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. டாக்டர் எனக்கு அரிசி, மாவு இரண்டையும் நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது.

கமிட்டி வாய் பிளந்தது. “அப்போ அலுவலகத்துல ஆளே தேவையில்லையா?” என்றார் ஒருவர்.

“தேவையில்ல. யார் எங்கிருந்து அழுத்தினாலும் பேசுறது அங்க இருக்கிற மெஷின்” என்றாள் மோரான்.

சோல்மி மூச்சு விட்டாள். நானும் விட்டேன். அவசரப்பட்டுவிட்டோம்.

துணைத்தலைவி சாவி அட்டையை மேசையில் தட்டினாள். “அப்படின்னா விஷயம் இன்னும் மோசமால்ல இருக்கு? இத்தனை நாளா, கதவு பூட்டியிருந்துச்சுங்கிறதாவது இந்தப் பொண்ணுக்குச் சாதகமா இருந்துச்சு. இப்போ பார்க்கிங்ல நின்னுக்கிட்டே, தன் போன்லயே அழுத்தியிருக்கலாமே! வலைப்பக்கத்துல ஜனங்க எழுதுறது எல்லாம் இவ பொறுப்புலதானே இருக்கு? ஓட்டெடுத்துடலாம் தலைவரே.”

சோல்மியின் பேனா நின்றது. ஆறு தலைகள் ஆடின. நான் மோரானைப் பார்த்தேன். அவளிடம் இன்னொரு சீட்டு இருக்கும், எப்போதும் இருக்கும். ஆனால் அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் தலைவரைக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியே பார்க்கிங்கைப் பார்த்தாள்.

“மேடம், ஏதாவது பேசுங்க” என்று கிசுகிசுத்தேன்.

“என் பேச்சு முடிஞ்சுது.”

“கை தூக்குங்க” என்றாள் துணைத்தலைவி. முதல் கை எழுந்தது. இரண்டாவது எழுந்தது. மூன்றாவது கை பாதி எழுந்தபோது நாற்காலி ஒன்று பின்னால் நகர்ந்து கிறீச்சிட்டது.

“இறக்குங்க” என்றார் குக் தோங்சூ.

அவர் எழுந்து நின்றிருந்தார். சுங்க அதிகாரி நிற்பு அல்ல. பெட்டி திறந்து கிடக்கும் பயணியின் நிற்பு.

“அழுத்தினது நான்” என்றார். “கடிதமும் என்னோடது. அந்த வலைப்பக்கத்துலயே எழுதினேன், என்ன எழுதியிருக்கேன்னு கண்ணுக்குத் தெரியல, பொத்தானை அழுத்திக் கேட்டேன். நல்லா இல்லன்னு அழிச்சுட்டேன். என் கம்ப்யூட்டர்தான் வாசிச்சுதுன்னு நினைச்சேன். சாயங்காலம் லிஃப்ட்ல என் வரியைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. இந்தப் பொண்ணுதான் எடுத்துப் போட்டுட்டான்னு முடிவு பண்ணேன். இப்ப மேல இருந்து அந்தக் குரல் வந்தப்போதான் புரிஞ்சுது. புரிஞ்சும் ரெண்டு கை எழும்புற வரைக்கும் வாயைத் திறக்கல. என் வீட்டுல அவ இல்லன்னு நீங்க எல்லாம் தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு.”

யாரும் சிரிக்கவில்லை. ஒரு வாரமாக அந்தக் கடிதத்தைச் சொல்லிச் சிரித்த ஊர் அது.

அவர் மோரான் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“உங்க வீட்டுலயே தலைவரே. வீட்டுல இருந்தவங்கள்ல அறிவிப்பையே கேக்கலன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். நீங்க பொய் சொல்லல. உங்க காதுக்கு அது கம்ப்யூட்டர் பேசின சத்தம். ஆனா உங்க கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கரே கிடையாது. பெட்டி இருக்கு, திரை இருக்கு, பேச வாய் இல்ல. உங்க தலைக்கு நேர் மேல கூரை ஸ்பீக்கர் இருக்கு.”

“சட்டை?” என்றேன் நான், லேசாகப் பொறி தட்டி.

“வெள்ளைச் சட்டையைச் சிவப்புத் துணியோட மெஷின்ல போட்டா அந்த நிறம்தான் வரும். நீ அதைப் பாராட்டினே.”

“தெரிஞ்சுதானே வந்தீங்க. ஏன் சொல்லல?” என்றார் தலைவர்.

“சோல்மியைக் காப்பாத்தத்தான் என்னைக் கூப்பிட்டாங்க. நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா நாலாவது கைக்கு முன்னால சொல்லியிருப்பேன்” என்றாள் மோரான். “ஆனா பொண்டாட்டிக்கு எழுதின கடிதம். அதை நான் பிரிக்கிறதைவிட நீங்களே பிரிக்கிறது நல்லதுன்னு தோணுச்சு.”

அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு சோல்மியின் முன்னால் போய் நின்றார். இடுப்பு மடியக் குனிந்தார். கறுப்புக் கண்ணாடி நழுவி விழுந்தது. சோல்மி பதறிப்போய் அதை எடுத்து நீட்டினாள். அவர் நிமிரவில்லை.

“தப்பு என் மேல. உன் மேல அபாண்டம் சொன்னேன். அதை அப்படியே குறிப்புல எழுது. இந்தக் கடிதத்தையும் ஆறு மணி அறிவிப்புல மறுபடி போடு. மணி அடிச்சு, என் பேரோட போடு. அதுதான் நியாயம்.”

“மாட்டேன் ஐயா” என்றாள் சோல்மி.

அறையே அவளைப் பார்த்தது. பத்து நிமிஷத்துக்கு முன் வேலை போகவிருந்த பெண், தலைவருக்கு மாட்டேன் சொல்கிறாள்.

“இங்க அறுநூத்திப் பன்னிரண்டு வீடும் கேட்டாச்சு. கேக்க வேண்டியவங்க ஒருத்தர்தான், அவங்க மட்டும் கேக்கல. புசான்ல நம்ம ஸ்பீக்கர் இல்ல ஐயா. அதை நீங்கதான் உங்க வாயால சொல்லணும்.”

அவர் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். அறுவை செய்த கண்ணுக்கு எண்கள் தெரியவில்லை. சோல்மி அதை வாங்கி, அவர் சொல்லச் சொல்ல எண்ணை அழுத்தி, காதருகே கொடுத்தாள். மனைவியின் எண்ணை அவர் தடுமாறாமல் மனப்பாடமாகச் சொன்னார்.

மோரான் தலையசைத்தாள். நாங்கள் எல்லோரும் ஓசைப்படாமல் எழுந்து தாழ்வாரத்துக்கு நடந்தோம். துணைத்தலைவிகூட நுனிக்காலில் வந்தாள். கடைசியாக வந்த நான் கதவைப் பாதி சாத்தியபோது, இரண்டாவது மணியிலேயே அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

“நான்தான்” என்றார் குக் தோங்சூ. பிறகு கேட்டார். “சாப்பிட்டியா?”

அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் கையால் தடவி ஒரு நாற்காலியைத் தேடிப் பிடித்து, அதில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.